சேவல் பெட்டியின் கீல் ஆணி

அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஓர் அம்மா, அவருடைய டிரைவர். காலையில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். அந்த அம்மாவும் டிரைவரும் நாலு மணிக்கு வந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் பொரி கொடுக்க வந்து வாசலோடு போய்விட்டார், அவரைச் சேர்க்க வேண்டாம். இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், என் மைத்துனன் இந்தக் கதையை இப்போது கலியாண வீடுகளில் சொல்லும்போது, பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று கை தட்டினார்கள் என்கிறான். யாரும் கை தட்டவில்லை. கை தட்டும் நிலைமையில் யாரும் இல்லை.

எங்கள் ஊரில் கணபதி என்ற பகுதியில் நான் பழைய பொருள் கடை வைத்திருக்கிறேன். கடிகாரம், மரப்பெட்டி, பித்தளை அண்டா எல்லாம் வரும் போகும். ஆனால் நாலு பேருக்கு என்னைத் தெரிவது துணி தேய்க்கும் பழைய தேய்ப்புப் பெட்டியால்தான். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தேன், எழுந்த பிறகு பள்ளிக்கூடம் போக வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். பழைய இரும்புக் கடை ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். பித்தளையைப் பித்தளையோடும் வார்ப்பு இரும்பை வார்ப்பு இரும்போடும் பிரித்துப் போடுவது வேலை. அந்தக் குவியலில்தான், உள்ளே கரி போட்டுத் தேய்க்கும் முதல் கரிப்பெட்டியைக் கையில் எடுத்தேன். உடைக்கப் போட்டிருந்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அன்றிலிருந்து சந்தை சந்தையாக, ஊர் ஊராகப் போய்ச் சேர்த்ததில் பதினோரு பெட்டிகள் நல்லவையாகத் தேறின. நல்லவை என்றால், மூடி, கைப்பிடி, மூடியை மாட்டும் கொண்டி, மூடி திரும்பும் கீல் ஆணி எல்லாமே அந்தப் பெட்டிக்கென்று செய்தவை. இந்தத் தொழிலில் முக்கியமான விஷயம் அதுதான். ஒரு பெட்டியின் அடிப்பாகத்துக்கு இன்னொன்றின் மூடியைப் போட்டு விற்பவர்கள் நிறையப் பேர். பார்வைக்குத் தெரியாது. விலை தெரிந்தவர்கள் தொட்டதும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தப் பதினொன்றையும் மொத்தமாக அந்தத் திருப்பூர் அம்மா பேசி முடித்திருந்தார். தன் கம்பெனி முன்கூடத்தில் வரிசையாக வைக்கப்போகிறாராம். ஐம்பத்தைந்தாயிரம் விலை, பத்தாயிரம் முன்பணம். எனக்கு அந்தப் பணம் வந்தே ஆகவேண்டும். கடைக் கட்டடத்துக்காரர் அட்வான்ஸை நாற்பதாயிரம் ஏற்றிக் கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே நான் கவலைக்காரன். பால் பொங்கினால் அடுப்பைப் பற்றிக் கவலைப்படுவேன், பொங்காவிட்டால் பாலைப் பற்றிக் கவலைப்படுவேன். அந்த மாதம் எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் பூவும் வெள்ளைப் பூசணிக்காயும் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கடை வாசலில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், சுத்தியல், அரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தது. என் மைத்துனன் மோட்டார் பம்பு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவனுடைய ஒர்க்‌ஷாப்பில் நோம்பிக்கு, பண்டிகையை அப்படித்தான் சொல்வோம், முதல்நாளே பூஜை போட்டு லீவு விட்டிருந்தார்கள். அக்கா கடைக்கு உதவ வந்திருந்தான். பின்பக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது.

"ஏனுங் மாமா, வந்துட்டீங்களா? பொடக்காலிக்கு வந்து பாருங்க. உங்க பொட்டியெல்லாம் புதுப்பொண்ணாட்ட ஆயிருச்சு!"

போய்ப் பார்த்தேன். குழாயடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் அடிப்பெட்டிகள். ஒன்றில் மூடிகள். மூன்றாவதில் கைப்பிடிகளும் கொண்டிகளும் கீல் ஆணிகளும் கொத்தவரங்காய் மாதிரிக் குவிந்து கிடந்தன. பதினோரு பெட்டியையும் பிரித்துப் புளியும் சீயக்காயும் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தான். பக்கத்தில் ஒரு டப்பா சில்வர் பெயிண்ட், மூடி திறந்து, குச்சியோடு. ஓர் இரும்புப் பெட்டிக்கு அதற்குள் ஒரு பக்கம் அடித்தும் விட்டான். வெயிலில் அது பம்பு செட்டைப் போல மின்னியது.

இங்கே இதைத் தப்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நோம்பிக்கு மிஷினைப் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, பெயிண்ட் அடித்துத் திரும்பப் பூட்டுவதுதான் மரியாதை. அவன் மரியாதை செய்திருக்கிறான்.

"நாஞ் செஞ்சது தப்புங்களா மாமா? மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?"

"தப்பில்ல மாப்ள" என்றேன்.

"வெசனப்படாதீங்க. முப்பது மோட்டாரப் பிரிச்சுப் போட்டு அன்னைக்கே பூட்டறவனுங்க நான்."

"மோட்டாருக்கு எந்த நட்டப் போட்டாலும் சேரும் மாப்ள. இதெல்லாம் ஒவ்வொண்ணும் கையில அராவி அராவி ஜோடி சேத்தது. ஒண்ணோட மூடி இன்னொண்ணுக்கு ஒக்காராது. ஒக்காந்தாலும் அது பொய்யி."

அவன் தொட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "கெரகம்" என்று மெதுவாகச் சொன்னான்.

என் மனைவி கற்பூரத் தட்டோடு எட்டிப் பார்த்து, நேரம் போகிறது வாங்க என்றாள். பூஜைக்கு நின்றேன். கண்ணை மூடினால் மூன்று தொட்டிதான் தெரிந்தது. பூசணிக்காய் உடைத்துத் திரும்பும்போது போன் அடித்தது. திருப்பூர் அம்மா. அடுத்த வாரம் எடுத்துக்கொள்வதாக இருந்தவர், நாளைக்கு விஜயதசமியில் முன்கூடத்தைத் திறக்கப் போவதாகவும், இன்றைக்கே நாலு மணிக்கு வந்து எடுத்துப் போவதாகவும் சொன்னார். "சரிங்கம்மா, வாங்க" என்று வைத்துவிட்டேன். வேறென்ன சொல்வது?

மைத்துனன் சட்டென்று பூஜை வரிசையிலிருந்த ஸ்குரூ டிரைவர் பக்கம் கையை நீட்டினான். என் மனைவி அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

"சாமிகிட்ட வெச்சத நாளைக்கு மறுபூஜை போடாம எடுப்பியாடா?"

"அக்கா, டூல்ஸ் இல்லாம எப்படிக்கா பூட்டறது?"

"பிரிக்கறப்ப என்னக் கேட்டியா? பூட்டறதுக்கு மட்டும் கேக்கற."

"அப்ப இந்தப் பொட்டிகளத் தொடலாமா, அதும் ஆயுதந்தான?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அது வித்துப்போட்ட சரக்கு. ஆயுதமாகாது. தொடு."

அப்படியாக, ஒரு சுத்தியலும் இல்லாமல் வெறுங்கையோடு மூன்று பேரும் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். இன்று நினைத்தால் அவள் போட்ட அந்தச் சட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது. சுத்தியல் இருந்திருந்தால் மைத்துனன் எந்த ஆணியையும் எந்தத் துளையிலும் அடித்து இறக்கியிருப்பான். கையால் தள்ளினால், சொந்த ஆணி மட்டும்தான் உள்ளே போகும்.

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருஷமாக நான் அடையாளம் வைத்திருந்தது கரியில். இந்த மூடியின் உள்ளே புகைக்கறை வட்டமாக இருக்கும், இந்தப் பெட்டியில் பின்பக்கம் ஒதுங்கியிருக்கும், இப்படி. எல்லாவற்றையும் சீயக்காய் கொண்டுபோய்விட்டது. ஒரு மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது கூனியோடது" என்றாள் என் மனைவி.

"எது?"

"கூனிங்க. அந்த முதுகு வளைஞ்ச பொட்டி. வெள்ளிக்கெழமையானா நாந்தான தொடைக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, பதினொன்றுக்கும் அவள் பெயர் வைத்திருக்கிறாள் என்று. தையல்காரர்கள் கோட்டுத் தேய்க்க வைத்திருந்த நீளமான கனத்த பெட்டி, மணியக்காரர். குழந்தைகளின் சட்டைக் கழுத்துக்கான குட்டிப் பெட்டி, சிட்டு. பவானியில் ஜமக்காளத் தறிக்காரர் ஒருவர் வீட்டில் வாங்கிய மூன்று பித்தளைப் பெட்டிகள் பெரியக்கா, நடுவுளவ, சின்னவ. மூடியில் சேவல் வடிவத்தில் கொண்டி வைத்த வார்ப்பிரும்புப் பெட்டி, வெறும் சேவல். சேவலின் தலையைப் பின்னுக்குத் தள்ளினால் மூடி திறக்கும். பதினொன்றிலும் விலை அதற்குத்தான் அதிகம்.

"இத எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா? உங்களுக்கு வெசனப்படவே நேரம் பத்தாது."

மைத்துனன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

மணியக்காரரும் சிட்டும் கூனியும் அளவிலேயே சேர்ந்துவிட்டார்கள். அடுத்தது கட்டிப்பெட்டி. அதில் கரி போடுவதில்லை. ஓர் இரும்புக் கட்டியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி உள்ளே தள்ளி, பின்பக்கக் கதவை இறக்கிவிடுவார்கள். கதவு கிடைத்தது, கட்டியைக் காணோம். கட்டி இல்லாவிட்டால் அது வெறும் கூடு. தொட்டிகளைக் கவிழ்த்துத் தேடினோம்.

"முக்கோணமா, மூக்கு கூரா, ஒரு இரும்புத் துண்டுங்களா?" என்றான் மைத்துனன்.

"ஆமா."

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். இடதுபக்க வாழைக்கன்று சாயாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தது அதைத்தான். செங்கல்லை வைத்துவிட்டு எடுத்து வந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் கொடுத்தான்.

பித்தளை மூன்றும்தான் ரொம்பச் சோதித்தன. ஒரே பட்டறை, ஒரே அளவு, மூன்று மூடியும் மூன்று பெட்டியிலும் உட்கார்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு மூடியின் உள்விளிம்பை விரலால் தடவினேன். கீல் பக்கத்தில் ஏதோ நெருடியது. உளியால் கொத்திய ஒரு சின்ன வெட்டு. இன்னொரு மூடியில் இரண்டு வெட்டு. மூன்றாவதில் மூன்று. அடிப்பெட்டிகளின் உள்ளே விரலை விட்டுத் தடவினேன். அங்கேயும் ஒன்று, இரண்டு, மூன்று. செய்தவர்கள் தங்களுக்குள் மூடி மாறிப்போகாமல் இருக்க வைத்த அடையாளம். கரி மூடியிருந்ததால் இத்தனை வருஷம் என் கண்ணில் படவே இல்லை. சீயக்காய் போட்டுக் கழுவியதால் கிடைத்தது. மைத்துனனிடம் காட்டினேன். அவன் மூன்று மூடியையும் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு, "நாங்களும் இப்படித்தானுங்க மாமா பஞ்ச் போடுவோம்" என்றான். அவன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது.

அதற்குப் பிறகு அவன் கையும் பேச ஆரம்பித்தது. கோபிசெட்டிபாளையத்தில் வாங்கிய ஒரு பெட்டியின் அடித்தகட்டை நிமிர்த்திப் பார்த்து, "இது ஒரு பக்கமா தேஞ்சிருக்கு, மத்ததுக்கெல்லாம் எதிர்ப்பக்கம்" என்றான். அதை வைத்திருந்தவர் இடதுகைக்காரர். அப்படியானால் அதன் மரக் கைப்பிடியில் கட்டைவிரல் பள்ளமும் மாறித்தான் இருக்கவேண்டும். கைப்பிடிகளை ஒவ்வொன்றாக இடதுகையால் பிடித்துப் பார்த்தாள் என் மனைவி. ஐந்தாவதோ ஆறாவதோ, அவள் விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. மற்ற கைப்பிடிகளுக்கு அடிப்பக்கம் மரம் கருகியிருந்த இடத்தை மூடியின் புகைத்துளைக்கு நேராக வைத்துப் பார்த்தோம். நேர் வந்தால் சொந்தம். கொஞ்சம் விலகினால் மாற்றான்.

மூன்று மணிக்குப் பத்துப் பெட்டிகள் நின்றுவிட்டன. பெயிண்ட் அடித்ததைக்கூட மண்ணெண்ணெய்த் துணியால் என் மனைவி துடைத்துவிட்டாள். மிச்சம் சேவல் ஒன்றுதான். அடிப்பெட்டி, மூடி, கைப்பிடி, சேவல் எல்லாம் சரி. மிச்சமிருந்த ஆணியும் ஒன்றே ஒன்று. ஆனால் அது துளையில் பாதிதான் போனது. எவ்வளவு தள்ளினாலும் அசையவில்லை.

"இந்த ஆணி இப்படி இருக்காதே" என்றேன். "கொஞ்சம் வளைஞ்சு இருக்குமே."

மைத்துனன் ஆணியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தான்.

"மாப்ள?"

"வளைஞ்சு இருந்துச்சுங் மாமா. நல்ல ஆணி, பாவம் வளைஞ்சு கெடக்குதேன்னு காத்தால நிமுத்தி வெச்சேன்."

ஒரு ஃபிட்டர் வளைந்த ஆணியைப் பார்த்தால் நிமிர்த்தாமல் விடுவானா? அவன் கை அப்படி. ஆனால் சேவலை வார்த்தவர் கீல் துளைகளை ஒரே நேரில் வார்க்கவில்லை. ஒரு துளை சற்று மேலே ஏறிவிட்டது. தப்பாக வார்த்ததை உடைத்துப் போடாமல், ஆணியை அதற்குத் தகுந்தபடி வளைத்து ஓட்டிவிட்டார். அந்த வளைவுதான் அந்தப் பெட்டி. இப்போது வளைக்கலாம் என்றால் சுத்தியல் சாமியிடம் இருந்தது. அவசரத்தில் வளைத்தாலும் சரியாக வராது. மைத்துனன் பூனை மாதிரி பூஜை வரிசையைப் பார்த்தான். என் மனைவி அவனைப் பார்த்தாள்.

"மெல்லிசா வேற ஆணி ஒண்ணு போட்டு நிறுத்தறனுங்க மாமா. நம்ம மூணு பேருக்குத்தான தெரியும்" என்றான்.

அதற்குள் கார் சத்தம் கேட்டது.

திருப்பூர் அம்மா ஒரு பை நிறையப் பொரிகடலையோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். டிரைவர் பின்னால் அட்டைப் பெட்டிகளோடு வந்து வரிசையைப் பார்த்தான். "ஏனுங்ணா, இதுக்கெல்லாம் பிளக்கு எங்கீங்ணா?" என்றான். யாரும் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டான்.

அந்த அம்மா கீழே சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். அழகுக்கு வாங்குகிறவர்கள் பெட்டியை இரண்டு கையாலும் தூக்குவார்கள். இவர் ஒரே கையால் தூக்கி, துணி தேய்த்துப் பழகியவர் மாதிரி மணிக்கட்டைச் சாய்த்து, பெட்டியின் மூக்கைத் தாழ்த்தினார். பிறகு மூடியை, கட்டிப்பெட்டிக்கு மட்டும் கதவை, கொஞ்சம் தூக்கிக் கைவிட்டார். சத்தத்தைக் கேட்டார். சொந்த மூடி 'டொக்'கென்று விழும். மாற்று மூடி இரண்டு தரம் ஆடி விழும். ஒன்று, இரண்டு என்று பத்தும் 'டொக்'கென்று விழுந்தன. பத்தாவது விழுந்ததும் எனக்கு ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் எழுப்பி நிற்கச் சொல்லி நல்ல பையன் என்றதில்லை. அன்றைக்கு அந்தப் பத்துச் சத்தமும் அதைச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு மட்டுமல்ல, மூன்று பேருக்கும்.

அவர் கை சேவலுக்குப் போனது. அவர் தூக்குவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அதுக்கு மட்டும் கீல் ஆணி சேரலீங்க. ஆணி அதோடதுதான். நிமுந்துபோச்சு. மூடிய சும்மாதான் வெச்சிருக்கறேன்."

மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த அம்மா ஆணியை வாங்கித் துளையில் விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தார்.

"யாருங்ணா நிமுத்துனது?"

"நானுங்க" என்றான் மைத்துனன். "ஃபிட்டருங்க."

அவர் சிரித்துவிட்டார். "எங்க கம்பெனி மெக்கானிக்கும் இப்படித்தான். வளைஞ்சு ஒண்ணு இருக்கக்கூடாது அவனுக்கு." என்னைப் பார்த்தார். "ஏனுங்ணா, கூடத்துல வர்றவங்க இதத் தொறந்தா பாக்கப் போறாங்க? கண்ணாடிக்குள்ள இருக்கப் போவுது. நீங்க சொல்லாமயே விட்டிருக்கலாமே?"

"சொல்லலீன்னா நாளைக்கு நீங்க கூடத்தத் தொறக்கற நேரத்துல எனக்கு வவுறு கலக்குமுங்க" என்றேன். பெரிய நியாயம் பேசவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

அவர் கைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். பாக்கி நாற்பத்தைந்தாயிரம் முழுசாக. "ஆணி என்னைக்காச்சும் வரட்டும். நீங்க பணத்த வெச்சுக்கங்க."

நான் என் மனைவியைப் பார்த்தேன். நாற்பதாயிரம் கட்டடத்துக்காரருக்குப் போக மிச்சம் எவ்வளவு நிற்கும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் பணத்தை வாங்கி, அதிலிருந்து நாலாயிரத்தைப் பிரித்து அந்த அம்மா மடியில் வைத்தாள்.

"இது சேவலுக்குங்க அம்மணி. ஆணி சேந்தப்பறம் குடுங்க."

"அக்கா!" என்றான் மைத்துனன்.

"நீ பேசாதடா. மூடி தொறக்காத சேவலுக்கு முழுக் காசா?"

அந்த அம்மா நாலாயிரத்தைத் திருப்பிக் கைப்பையில் போட்டார். டிரைவர் பதினோரு பெட்டியையும் காகிதம் சுற்றி ஏற்றினான். ஆணி மட்டும் எங்களிடம் இருந்தது. கார் அவிநாசி ரோட்டுப் பக்கம் திரும்பும்வரை மூன்று பேரும் வாசலில் நின்றோம். என் மனைவி பொரியை அள்ளி என் கையில் வைத்தாள். அன்றைக்குத்தான், அந்த மாதத்தில் முதல் தடவையாக, எனக்குப் பசித்தது.

கட்டடத்துக்காரருக்கு நாற்பதாயிரத்தைக் கொடுத்தோம். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. மறுநாள் மறுபூஜை முடிந்ததும் மைத்துனன் ஆணியை வளைத்தான். வளைவு கொஞ்சம் கூடிவிட்டது போலத் தெரிந்தது, திரும்ப நிமிர்த்தி வளைத்தான். மறுபடியும் வளைத்தபோது பழைய இரும்பு நடுவில் முறிந்தது. அவன் அழாத குறைதான். இப்போது எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் எனக்கு முன்னால் அவன்தான் குவியலில் உட்காருகிறான். அதே கனம், அதே காலத்து இரும்பு கிடைக்கவேண்டும், திருப்பூருக்குக் கொண்டுபோய் அந்தத் துளையில் வைத்துப் பார்த்து வளைக்கவேண்டும். இதுவரை நாலு ஆணி கொண்டுபோனோம். நாலும் கையால் தள்ளினால் உள்ளே போகவில்லை.

போகும்போதெல்லாம் அந்த முன்கூடத்தைப் பார்க்கிறேன். மற்ற பத்துப் பெட்டியும் மூடியிருக்கின்றன. சேவலுக்கு மட்டும் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்பவர்களிடம், இதற்கு ஆணி வரவேண்டியிருக்கிறது, கணபதியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவரே சொல்கிறாராம். ஒவ்வொரு தடவையும் பணத்தை எடுத்து நீட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் நான் என் மனைவியை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்கிறேன். யாராவது நூறு ரூபாய் தரவேண்டியிருந்தாலும் தூக்கம் வராதவன் நான். இந்த ஒரு பாக்கியை மட்டும் நினைத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது.

வரவேண்டியது நாலாயிரம் ரூபாய்.